இத்தாலிப் பிள்ளையின் முதல் புள்ளி

எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் பெருமை பேசாமல் ஒரு பந்தி முடிவதில்லை. இங்கே ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், பக்கத்தில் வந்து உட்காருகிறவர் முதல் வாய்ச் சோற்றை விழுங்குமுன் மகள் மருத்துவம் படிக்கிற விஷயத்தைச் சொல்லிவிடுவார். அவருக்கு அடுத்தவர் மகன் வாங்கிய வீட்டில் எத்தனை அறை என்று எண்ணிக் காட்டுவார். நான் எல்லோரையும் பேசி முடிக்க விட்டு, கடைசியில்தான் வாயைத் திறப்பேன். "நான் ஒரு இத்தாலி டென்னிஸ்காரிக்கு மைதானம் கூட்டினனான்."

சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவள் பெயரைச் சொன்னாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. தொலைக்காட்சியில் வருகிற அளவுக்கு அவள் போகவில்லை. ஆனாலும் பல வருடம் அந்த விளையாட்டிலேயே சீவித்தாள், நாடு நாடாகப் போய் ஆடினாள். அவளுடைய முதல் புள்ளி நான் தண்ணீர் தெளித்து, இழுத்து, உருட்டிய மண்ணில் விழுந்தது. அதை என்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஹம்மிலிருந்து ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்த ஒரு டென்னிஸ் கிளப்பில் எனக்கு வேலை கிடைத்தது. ஏழு மைதானங்கள். பார்த்தால் செம்மண் மாதிரி இருக்கும், ஆனால் அது செங்கல்லை அரைத்த தூள். அந்த ஏழையும் பராமரிப்பதுதான் என் வேலை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. டென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டதே இல்லை. வேலை தந்தவர் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. காலை ஐந்தரைக்கு வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

முதல் வாரமே மானம் கப்பலேறியது. எங்கள் வீடுகளில் முற்றம் கூட்டினால் நடுவிலிருந்து வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போவதுதானே வழக்கம்? நானும் தூளைச் சமப்படுத்துகிற இழுவை வலையை நடுவில் வைத்து, வேலியை நோக்கி இழுத்து இழுத்துத் தள்ளினேன். ஐந்து நாளில் செந்தூள் முழுவதும் வேலியோரம் வரம்பு கட்டி நின்றது. நடுவில் அடிச்சரளை பல்லைக் காட்டியது. இதெல்லாம் வெறுங்காலோடு வேறு. கூட்டுகிற இடத்தில் சப்பாத்தோடு ஏற எனக்கு மனம் வரவில்லை, அதனால் கதவடியில் கழற்றி வைத்துவிடுவேன். கிளப்பின் விளையாட்டுப் பொறுப்பாளர் வந்து என் காலைப் பார்த்தார், வரம்பைப் பார்த்தார். பிறகு வலையை வாங்கி, வெளியோரத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக உள்ளே வரவேண்டும் என்று இழுத்துக் காட்டினார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வசந்தத்துக்குள் நான் அந்த வேலையில் கெட்டிக்காரனாகிவிட்டேன். தற்பெருமைதான், ஆனால் உண்மை. மண்ணை வாசிக்கப் பழகினேன். அந்தத் தூளில் பந்து விழுந்தால் ஒரு அடையாளம் விழும். வேகமான பந்து நீள்வட்டமாகப் பதியும், உயரத்திலிருந்து வரும் பந்து வட்டமாகப் பதியும். பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வந்தால் நடுவர் இறங்கி வந்து அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்புக்கு முன் ஒரு ஆட்டக்காரி அதைக் காலால் அழித்துவிட்டால், புள்ளி மற்றவளுக்குப் போய்விடும். எனக்கு அந்த விளையாட்டில் மிகவும் பிடித்த சட்டம் இதுதான்.

ஏப்ரல் கடைசியில் இத்தாலிக்காரி வந்தாள். பதினெட்டு வயது. தொழில்முறை ஆட்டக்காரியாகி அப்போதுதான் சில மாதங்கள். அந்தக் கோடை முழுவதும் எங்கள் கிளப்பின் பெண்கள் அணிக்கு ஆடவேண்டும், அதற்குப் பதிலாகக் கிளப் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு அறை, சாப்பாடு, பயிற்சிக்கு மைதானம். வந்த மறுநாளே காலை ஆறு மணிக்கு மட்டைப் பையோடு என் முன்னால் நின்றாள். எந்த மைதானம் தயார் என்று கையால் கேட்டாள். மூன்றாவது என்று விரலால் சொன்னேன். அவளிடம் இருந்த ஜெர்மன் மொழியையும் என்னிடம் இருந்ததையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு முழு ஆளுக்குக் காணாது. ஆனால் ஒரு மாதத்தில் எல்லாம் பேசிக்கொண்டோம். நான் அவளைப் 'பிள்ளை' என்றேன். அவள் என்னைக் கேலியாக 'மைஸ்டர்' என்றாள், கைதேர்ந்தவர் என்று அர்த்தம்.

அவள் கதை சின்னக் கதைதான். அதுவரை நாலு சின்னப் போட்டிகளுக்குப் போயிருந்தாள். நாலிலும் தகுதிச் சுற்றிலேயே தோல்வி. இத்தாலியின் தெற்குப் பக்கம் ஒரு ஊரில் தகப்பனாருக்குத் தரையில் பதிக்கும் ஓடு விற்கும் கடை. அவர் ஒரேயொரு கோடை தந்திருந்தார். உலகத் தரவரிசைக்கான புள்ளி ஒன்றாவது ஆகஸ்ட் முடிவதற்குள் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து கடையில் நிற்கவேண்டும். எங்கள் கிளப்பிலும் ஆகஸ்டில் ஒரு சின்னத் தொழில்முறைப் போட்டி நடப்பதாக இருந்தது. அதில் தகுதிச் சுற்றைத் தாண்டி, பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் வென்றால் அந்தப் புள்ளி கிடைக்கும். கிடைத்தால் அடுத்த வருடமும் அறை உண்டு, வேறு போட்டிகளுக்கும் அனுப்புவோம் என்று கிளப்பும் சொல்லியிருந்தது. இதையெல்லாம் அவள் என் மண் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஒரு அப்பிளைக் கடித்துக்கொண்டு, யாரோ ஒருத்தியின் கதையைப் போலச் சொன்னாள்.

அவளுடைய பலவீனம் சேர்விஸ் என்கிற தொடக்க அடி, அதிலும் இரண்டாவது. முதல் பந்து தவறினால் இரண்டாவதை வலையில் போட்டுவிடுவாள். என்னுடைய வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்க் கான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் எதிர்ப் பக்கத்து மூலையில் வைத்து, இரண்டாவது சேர்விஸை மட்டும் அடிப்பாள். பத்துத் தரம் கான் விழும்வரைக்கும் நிறுத்தமாட்டாள். மே மாதத்தில் அதற்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கோபம் வந்தால் மட்டையை எறிவாள், தன்னையே திட்டுவாள், பிறகு போய்க் கானை நிமிர்த்தி வைப்பாள். யூலையில் முக்கால் மணித்தியாலத்தில் பத்தும் விழுந்தது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆட்டம் முடிந்தால் மற்றவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் இழுவை வலையை எடுத்து, வெளியோரத்தில் தொடங்கி உள்ளே வட்டம் வட்டமாக இழுத்து வைத்துவிட்டுத்தான் போவாள். என்னைவிட நன்றாக இழுத்தாள் என்று சொல்லமாட்டேன். நன்றாக இழுத்தாள்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போக வரும்போது வேலியோரம் நின்று பார்ப்பாள். டென்னிஸ் அவளுக்கு ஒரு துளியும் விளங்காது. சேர்விஸுக்கு முன் அந்தப் பிள்ளை சிலுவை போடுவதைக் கண்ட நாளிலிருந்து, "எங்கட ஆள்தான்" என்று சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

ஆகஸ்ட் வந்தது. தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் பிள்ளை வென்றாள். பிரதான சுற்றின் முதல் ஆட்டம் மூன்றாவது மைதானத்தில், தெற்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு. அவள் உயரமானவள், தரவரிசையில் ஏற்கெனவே இடம் பிடித்தவள். அந்தச் சின்னப் போட்டிக்குக் கோடு பார்க்கும் நடுவர்கள் கிடையாது. உயர நாற்காலியில் ஒரே ஒரு நடுவர்தான். நான் தண்ணீர்க் குழாயோடு ஒரு மூலைக் கதவடியில் நின்றேன். மைதானத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு கம்பி வலை மட்டும்தான்.

முதல் செட் உயரமானவளுக்குப் போனது, இரண்டாவது எங்கள் பிள்ளைக்கு. மூன்றாவதில் எங்கள் பிள்ளை ஐந்துக்கு நாலு என்று முன்னால் நின்றாள். இன்னும் ஒரு புள்ளி வந்தால் ஆட்டம் முடிந்தது. நீண்ட நேரம் பந்து போய் வந்தது. பிறகு எங்கள் பிள்ளை முழுப் பலத்தோடு அடித்த பந்து நான் நின்ற மூலையில், என்னிடமிருந்து மூன்று எட்டு தூரத்தில் விழுந்தது. கோட்டின் வெள்ளையில் பாதி, மண்ணில் பாதி. வெள்ளையில் தூள் எழும்பியதை என் கண்ணால் கண்டேன்.

"அவுஸ்" என்றார் நடுவர். வெளியே.

இத்தாலிக்காரி மட்டையை நீட்டி அடையாளத்தைப் பார்க்கச் சொன்னாள். நடுவர் ஏணியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் உயரமானவள் தலையைக் குனிந்தபடி மூலைப் பக்கம் நடந்து, போகிற போக்கில் சப்பாத்தை அந்த இடத்தில் ஒருதரம் தேய்த்துவிட்டுப் போனாள். வேண்டுமென்றா, பதற்றத்திலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவளும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். ஆனால் தேய்த்தாள். நடுவர் வந்து பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. ஒருத்தி அழித்தாள் என்றாள், மற்றவள் இல்லை என்றாள். தலைமை நடுவரை அழைத்தார்கள். நரைத்த கட்டைமுடியும், கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு அம்மா. எல்லோரையும் கேட்டுவிட்டு, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்கள் இதிலதானே நிண்டனீங்கள். அவ அடையாளத்தை அழிச்சதைக் கண்டனீங்களோ?"

"இல்லை" என்றேன். "நான் ஒண்டும் காணேல்லை."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கேள்வி முடியுமுன் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சண்டைக் காலத்தில் எங்கள் ஊரில் வாலிபனாக இருந்த எவனுக்கும் இது விளங்கும். ஆமிக்காரன் றோட்டில் மறித்து இந்தப் பக்கம் போனது யார் என்று கேட்டால், காணேல்லை. ஆமியோடு கதைத்தது யார் என்று மற்றப் பக்கத்து இயக்கத்தார் கேட்டால், அதையும் காணேல்லை. கண்டவன் என்று பெயர் எடுத்தவனுக்கு வீட்டில் மாலை போட்ட படம்தான் மிஞ்சும். இந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி ஜெர்மனிக்கும் வந்தது. அகதி விசாரணையில் அதிகாரி கேட்டதற்கெல்லாம் காணேல்லை, காணேல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றும் காணாதவன் எதற்கு ஓடி வந்தான் என்று என் முதல் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

தீர்ப்பு அப்படியே நின்றது. இத்தாலிக்காரி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது. நான் கண்டேன் என்பது அவளுக்குத் தெரியும். மண்ணில் என் கண்ணுக்குத் தப்புகிறது எதுவுமில்லை என்று நான்தானே மூன்று மாதமாக அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த இரண்டு புள்ளிகளையும் மண்டை கொதிப்பில் வெளியே அடித்தாள். ஐந்துக்கு ஐந்து. பிறகு மழை கொட்டத் தொடங்கியது. மிச்சம் நாளைக் காலை பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள்.

மனைவி குடையோடு வந்தபோது நான் கொட்டகைக்குள் இழுவை வலைகளை மடித்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்தே என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"என்னப்பா, இது என்ன ஆமி சென்றியே? அந்த மனிசி ஒரு பந்தைப் பற்றித்தானே கேட்டவா."

"இனிச் சொல்லி என்ன? புள்ளி போயிட்டுது."

"அந்தப் பிள்ளை உங்களை ஒரு மனிசன் எண்டு நினைச்சிருந்தது. அதுவும் போகட்டுமே? போய்ச் சொல்லுங்கோ. நான் இதிலயே நிக்கிறன்."

வெளிநாட்டவர் அலுவலகம் நாள் குறித்து அழைக்கும்போது செய்வதைப் போல, தலையைக் கோதி, சேட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைமை நடுவரின் அறைக் கதவைத் தட்டினேன். உள்ளே போய், எனக்குத் தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன். பந்து கோட்டில் பட்டது. அந்தப் பெண் காலால் அழித்தாள். நான் கண்டேன். காணவில்லை என்று பொய் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் புள்ளி போனது போனதுதான். திருப்பித் தர எனக்கு ஏலாது."

"ஓம். தெரியும்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

யன்னல் வழியே, கொட்டகை வாசலில் குடையோடு நின்ற மனைவியைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நாளைக்குப் பின்கோட்டில ஒரு கதிரை போடப்போறன். நீங்கள் அதில இருந்து பந்தைப் பாக்கவேணும்."

"நான் மைதானம் கூட்டுற ஆள்."

"கண் தெரியுதுதானே?" என்றார். பேச்சு முடிந்தது.

இத்தாலிக்காரி படிக்கட்டில் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் சொன்னேன். எழும்பி நின்று இத்தாலி மொழியில் ஒரு பாட்டம் பொழிந்தாள். ஒரு சொல் விளங்கவில்லை, எல்லாம் எனக்கு உரியதுதான் என்பது மட்டும் விளங்கியது. மூச்சு வாங்கிய பிறகு ஜெர்மனில் ஒரே ஒரு சொல் கேட்டாள். "ஏன்?"

"எங்கட நாட்டில, கண்டனான் எண்டு சொன்னால்…" என்று தொடங்கி, எனக்குத் தெரிந்த ஒரே சொல்லில் முடித்தேன். "பயம்" என்றேன்.

அவள் மறுபடி மழையைப் பார்த்தாள். "நாளைக்கு மைதானம் காயுமா, மைஸ்டர்?"

"பத்து மணிக்குக் காயும்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

மறுநாள் விடியும்போதே போய்விட்டேன். மூன்றாவது மைதானம் வயல்போலக் கிடந்தது. தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தேன். பள்ளமான இடங்களில் காய்ந்த தூளைச் சல்லடையால் தூவினேன், உருளையால் உருட்டினேன், வெளியிலிருந்து உள்ளே இழுத்தேன், கோடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்பதே முக்காலுக்கு மிதித்துப் பார்த்தேன். சப்பாத்து புதையவில்லை, தூள் பறக்கவுமில்லை. அந்த வேலையை அதைவிட நன்றாக நான் பிறகு ஒருநாளும் செய்ததில்லை.

நான் போய்க் கதிரையில் உட்கார்ந்ததும் உயரமானவளின் பயிற்சியாளர் ஆட்சேபித்தார். இவர் இத்தாலிக்காரியின் கிளப்பில் வேலை செய்கிறவர், இவர் எப்படி நியாயம் சொல்வார்? கேள்வி சரியான கேள்விதான். தலைமை நடுவர், "தன்ர பொய்யைத் தானே வந்து என்னட்டைச் சொன்ன மனிசன் அவர். எனக்கு அவர் போதும்" என்றார். அவருடைய குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, கோட்டைப் பார்த்தேன்.

எங்கள் பிள்ளை சேர்விஸ் தொடங்கினாள். முதல் பந்து வலையில். இரண்டாவதைக் கான் வைத்த மூலைக்கே அடித்தாள். இன்னொரு தரமும் முதல் பந்து தவறியது, இன்னொரு தரமும் அதே மூலை. ஆறுக்கு ஐந்து. பக்கம் மாறினார்கள். உயரமானவள் இப்போது என் கோட்டுப் பக்கம் நின்று சேர்விஸ் போட்டாள். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. சமன், மறுபடி சமன், பிறகு இத்தாலிக்காரிக்கு ஒரு புள்ளி கூட. இன்னும் ஒன்று வந்தால் ஆட்டம் முடிந்தது.

அந்தப் பந்தை அவள் ஓடிக்கொண்டே அடித்தாள். அருமையான அடி. உயரமானவள் எட்டவில்லை, எட்ட முயலவுமில்லை. பந்து நேரே என் கோட்டுக்கு வந்தது. வேலிக்கு வெளியே கிளப் ஆட்கள் எழும்பிவிட்டார்கள். யாரோ கைதட்டத் தொடங்கிவிட்டார்.

ஒரு விரல் அகலம் வெளியே.

எனக்கு அந்த அடையாளம் இப்போதும் தெரிகிறது. வெள்ளைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கீற்றுச் சிவப்பு. அவளுடைய தகப்பன், கடை, மே மாதத்துக் காலைகள் எல்லாம் அந்தக் கீற்றுக்குள்ளே கிடந்தன. காணேல்லை என்று சும்மா இருந்திருந்தால் அந்தக் கைதட்டலே தீர்ப்பாகியிருக்கும். கையை உயர்த்தினேன்.

"அவுஸ்!"

அவ்வளவு சத்தமாக நான் ஜெர்மனியில் ஒரு சொல்லும் சொன்னதில்லை. கைதட்டல் நின்றது. விளையாட்டுப் பொறுப்பாளரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இத்தாலிக்காரி வலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நடுவர் இறங்குவதற்காகக் கைப்பிடியைப் பிடித்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நேரே வந்து என் முன்னால் குனிந்து அந்த அடையாளத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தாலேயே அதைத் தேய்த்து அழித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அடுத்த இரண்டு புள்ளிகளையும் அவளே எடுத்தாள். கடைசிப் பந்தை உயரமானவள் வலையில் போட்டாள். அதில் சண்டைக்கு இடமே இருக்கவில்லை. ஏழுக்கு ஐந்து. தகப்பன் கேட்ட தரவரிசைப் புள்ளி வந்துவிட்டது. மனைவி வேலிக்கு வெளியே நின்று அழுதாள். விதிமுறை ஒன்றும் தெரியாமலே சரியான நேரத்தில் அழுதாள். நான் அழக்கூடாது என்று நினைத்தேன். நடுவர் வேலையில் இருந்தேனல்லவா.

ஆட்டம் முடிந்தால் இருவரும் வலையில் கை கொடுப்பார்கள், பிறகு உயர நாற்காலியில் இருக்கும் நடுவருக்குக் கொடுப்பார்கள். கோட்டில் இருப்பவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவள் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, மட்டையைக் கீழே வைத்துவிட்டு, மைதானத்தின் முழு நீளத்தையும் நடந்து என் கதிரைக்கு வந்தாள். அவள் கையெல்லாம் செந்தூள். நான் எழும்பி நின்று இரண்டு கையாலும் பிடித்தேன்.